மேகத்துக்குக் கீழே

ஜோகுபாளையத்தில் ஒரு மனிதன் இருக்கிறானா செத்துவிட்டானா என்று தெரிந்துகொள்ள டாக்டர் சர்டிபிகேட் தேவையில்லை. ஏதாவது ஒரு கல்யாண பேனரில் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்தால் போதும். கீழ் வரிசையில் கைகூப்பி நின்றால் உயிரோடு இருக்கிறான், பந்தியில் எதிர்ப்படுவான். மேலே, மேகத்துக்குள், முட்டை வடிவ வளையத்துக்குள் இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டான். மேலே போனவர்களின் முகத்தில் துணி நெசவு மாதிரி ஒரு மெல்லிய இழை ஓடும். கீழே நிற்பவர்கள் முகத்தில் வெறும் பவுடர்தான். பேனர் கட்டக் கூடாது என்று சட்டம் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. ஜோகுபாளையத்துச் சந்துகள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் கட்டி, ஞாயிறு பொழுதுசாய அவிழ்த்துவிடுகின்றன.

சந்துக்குள் இருக்கிற கிளிஃபர்ட் கடையில்தான் இந்தப் பேனர்கள் பிறக்கின்றன. அங்கே ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் சங்கமித்ரா. யாரை எந்த மேகத்தில் வைப்பது, எத்தனை சதவீதம் மங்கலாக்குவது எல்லாம் அவள் கையில். அந்த வகையில் சித்திரகுப்தனுக்கும் அவளுக்கும் வேலை ஒன்றுதான், அவனுக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை.

இப்போது அவளுக்கே கல்யாணம். மே மாசம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற முகேஷ். பேனர், முதலாளி கிளிஃபர்டின் அன்பளிப்பு. "பன்னெண்டுக்கு எட்டு, ஸ்டார் ஃப்ளெக்ஸ், நீயே டிசைன் பண்ணிக்கோ மா. உன் கல்யாணத்துக்கு உன்ன விட நல்ல டிசைனர் எனக்குக் கெடைக்கமாட்டா" என்று சொல்லிவிட்டார். தன் கல்யாண பேனரைத் தானே செய்துகொண்ட மணப்பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

எல்லாம் முடிந்துவிட்டது. உச்சியில் புத்தரும் பாபாசாகேபும். நடுவில் அவளும் முகேஷும். அம்மா சந்திரம்மா கீழே இடது ஓரத்தில். ஒரே ஒரு முகம் மட்டும் மூன்று நாளாக மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அது அப்பா வெங்கடசாமி.

வெங்கடசாமி வெல்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால், மாசி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், ஆனேக்கலில் ஒரு வீட்டுக்குக் கேட் மாட்டப் போனார். கூடவே போகிற கூட்டாளி கில்பர்ட்டுக்கு அன்று காய்ச்சல், அதனால் தனியாகப் போனார். கேட் மாட்டியாயிற்று. டீ குடித்துவிட்டு அஞ்சு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார் என்று வீட்டுக்காரர் சொன்னார். டிபன் பாக்ஸை அங்கேயே மறந்திருந்தார். அந்த வீட்டம்மா அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினாள். டிபன் பாக்ஸ் வந்தது. ஆள் வரவில்லை. அதற்கு முந்தின கோடையிலேயே இரண்டு தடவை சொந்த வீட்டுவாசலைத் தாண்டி நடந்து, அல்சூர் ஏரி வரைக்கும் போய்த் திரும்பியிருந்தார். வெயில் என்றார்கள்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். ஒரு போன்கூட வரவில்லை.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்திரம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். தொம்மலூரில் ஒரு ஆபீஸில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஏழு மாடி, பதினாலு பாத்ரூம். வீட்டுக்கு வந்ததும் களிக்கோலைப் பிடித்தால்தான் கைவலி போகும் என்பாள். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னாமே, பேனர் ஆயிடுச்சா?"

"எல்லாம் ஆச்சு. அப்பாதான் பாக்கி."

களிக்கோல் இரண்டு சுற்றுச் சுற்றியது. "மேல போட்டுடு."

"மேல போட்டா இன்னா அர்த்தம்னு தெரியுமில்ல?"

"தெனம் அந்தச் சந்துலதான் நடக்கறேன். எனக்குத் தெரியாதா."

"உனுக்கு மனசு வருதாம்மா?"

"மனசு வரல. பேனர் வரணுமில்ல."

சங்கமித்ரா அவரைக்காய்ச் சாற்றைத் தட்டில் ஊற்றினாள். அம்மா களியை உருட்டிப் போட்டாள். கை வெந்திருக்கும்; ஊதிக்கொள்ளவில்லை.

"மொத வருஷம் எல்லாரும் கேட்டாங்க" என்றாள் சந்திரம்மா. "ஏதாவது தெரிஞ்சுதா, ஏதாவது தெரிஞ்சுதான்னு. அப்புறம் என்ன எதிர்ல பாத்தா ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போறாங்க. கேட்டா பேஜாரு, கேக்காம போனாலும் பேஜாரு. செத்தவனா இருந்தா ஒரு தேதி இருக்கும். இன்னியோட ஆறு வருஷம் ஆச்சில்லன்னு வருஷத்துக்கு ஒரு தபாவாவது கேப்பாங்க. உங்கப்பாக்கு இன்னா தேதி இருக்குது? போன தேதிதான் இருக்குது. மேல போடு. அங்கியாவது அவுருக்கு ஒரு எடம் கெடைக்கும்."

"காணாம போனவங்கள செத்துட்டாங்கன்னு சொல்ல கவர்மென்ட்டே ஏழு வருஷம் டைம் வுடுது."

"கவர்மென்ட்டுக்கு வயசாகாது."

சங்கமித்ரா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப பொட்ட அழிச்சிடுவியா?"

"பொட்டு எதுக்கு அழிக்கணும். நம்ம விஹாரத்துப் பிக்கு, பந்தே, அதெல்லாம் கேக்கறதில்ல. கேட்டாலும் அது என் நெத்தி." சந்திரம்மா தட்டை வழித்தாள். "சாறுல உப்பு கம்மி. கல்யாணப்பொண்ணு ஞாபகம் எங்கியோ இருக்குது."

*

செத்தவர்களுக்கு நல்ல போட்டோ இருப்பதில்லை. இருக்கும்போது எடுத்துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. போனபிறகு எல்லோரும் மொபைலைத் துழாவுவார்கள். யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில், பிரியாணித் தட்டோடு, பாதி கண் மூடி நிற்கிற ஒரு படம் அகப்படும். அது வாட்ஸப்பில் நாலு கை மாறி கிளிஃபர்ட் கடைக்கு வரும்போது மூக்கு கட்டம் கட்டமாக உடைந்திருக்கும்.

அந்த உடைசலுக்குத்தான் டெக்ஸ்சர். சங்கமித்ரா நெட்டில் கிடைப்பதை எடுக்கமாட்டாள், தானே செய்வாள். கோணிப்பை, சிமெண்ட் தரை, வாழைச்சருகு என்று எதையாவது ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து எடுப்பாள். நிறத்தை உருவிச் சாம்பலாக்குவாள். படத்தின் ஓரங்களை நடுவுக்குத் தள்ளினால் நடுவில் சிலுவை மாதிரி ஒரு தையல் தெரியும். அதை ஸ்டாம்ப் டூலால் தடவித் தடவி மறைப்பாள். அப்புறம் அந்தத் துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை அடுக்கினாலும் எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதை முகத்தின்மேல் ஒரு லேயராக விரித்து, ஓவர்லேயில் வைத்து, அடர்த்தியை நாற்பதுக்குக் குறைத்தால், முகம் துணியில் வரைந்தது போல ஆகிவிடும். உடைந்த மூக்கு நெசவுக்குள் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கும் ஒரு மரியாதை வரும். காதுகுத்துக்கு மினுமினுப்பு, வார்டு தலைவர் பிறந்தநாளுக்குத் தங்கக் கதிர், சாவுக்குத் துணி. இதுதான் கடையின் கணக்கு.

அந்தத் துணி டெக்ஸ்சர் அவள் செய்த முதல் டெக்ஸ்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், ஸ்கேனர் துடைக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை வைத்துச் செய்தது. வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள் அதில் ஏழோ எட்டோ இருந்தன. எல்லாவற்றையும் தடவி மூடினாள். ஆறு வருஷமாக ஜோகுபாளையத்தில் செத்த எல்லோரும் வெங்கடசாமியின் சட்டையைப் போர்த்திக்கொண்டுதான் மேகத்துக்குள் போனார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் முகேஷும் அவன் அம்மா நஞ்சம்மாவும் கடைக்கு வந்தார்கள். நஞ்சம்மா ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள். மடியில் வாழை இலையில் சுற்றிய காக்கடாப் பூவோடுதான் எங்கேயும் போவாள். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை விடாமல் போட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். எழுத்து தெரியாது, ஆனால் மூஞ்சிகளை எண்ணிப் பார்க்கலாமே என்றாள்.

கிளிஃபர்ட் பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க மேடம். உங்க சைடு பன்னெண்டு, பொண்ணு சைடு ஏழு. மேட்ச் உங்களுக்குத்தான்."

பின்னால் பெரிய பிரிண்டர் யாரோ ஒரு கட்டடக் கம்பெனிக்காக முப்பது அடி நீலவானத்தை இழுத்துக்கொண்டிருந்தது. சங்கமித்ரா திரையைத் திருப்பிக் காட்டினாள். நஞ்சம்மா விரலை நீட்டி ஒவ்வொரு மூஞ்சியாகத் தொட்டாள். இடது ஓரத்தில் வெங்கடசாமிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இவுரு மேலதானே இருக்கணும் தாயி? கீழ போட்டிருக்கியே."

"இன்னும் முடிவு பண்ணல அத்தே. ரெண்டு மாதிரியும் வெச்சிருக்கேன்."

"செத்தவருக்கு ரெண்டு மாதிரி ஏது."

சங்கமித்ரா முகேஷைப் பார்த்தாள். முகேஷ் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்தான். அவர் காணாமல் போன விஷயம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். பெண்ணின் அப்பா செத்தவர், பிள்ளை சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று அம்மா நினைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தபோதே சந்திரம்மாவின் பொட்டையும் பூவையும் பார்த்து, பௌத்தத்துக்குப் போனவர்கள் வீட்டில் அப்படித்தான் போல என்று சமாதானமும் ஆகியிருந்தாள். அப்பா எப்படிச் செத்தார் என்று மட்டும் கேட்கவில்லை. அது நாகரிகம்.

"அவுரு சாகல அத்தே" என்றாள் சங்கமித்ரா. "காணாம போயிட்டாரு. ஆனேக்கல்லதான்."

நஞ்சம்மா பொறுமையாகத் தலையை ஆட்டினாள், பெண் துக்கத்தில் ஏதோ பேசுகிறது என்பது போல. "நான்தானே தாயி இவுருக்குப் பூ வெச்சேன்."

"எப்ப?"

"அப்போதான். நீங்க கம்பத்துல ஒட்டியிருந்தீங்களே. நம்ம பூக்கடைக்குப் பக்கத்துக் கம்பத்துல ஒண்ணு. பாவம், நல்ல மனுஷன் மூஞ்சி. நம்ம ஜனம் யாரோ போய்ட்டாங்கன்னு தெனம் மிச்சமான பூவ ரெண்டு மொழம் சாத்துவேன். என்னப் பாத்து பழக்கடையம்மாவும் ஊதுபத்தி சொருகிச்சு."

"அதுல காணவில்லைன்னு போட்டிருந்தேனே அத்தே. தமிழ்லயும் கன்னடத்துலயும், பெரிசா."

"எனக்கு ரெண்டும் தெரியாதே. எனக்கு மூஞ்சிதான் தெரியும். வட்டத்துக்குள்ள, மங்கலா, துணி துணியா இருந்தா செத்தவங்கதானே. இதோ இப்பிடி." சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி மாதிரி ஒன்றைக் காட்டினாள். "படிச்சவங்களுக்கு மட்டும் இன்னா. பூவ பாத்தப்புறம் யாரு தாயி நின்னு படிக்கறாங்க?"

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கிளிஃபர்ட் போய் அதை நிறுத்தினார். நடு வானத்தில் நிறுத்தினால் அந்த ஃப்ளெக்ஸ் வீண் என்று அவருக்குத் தெரியும்.

நஞ்சம்மா இப்போது அந்தப் படத்தை வேறு மாதிரி பார்த்தாள். ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"காணாம போனாருன்னா... அப்ப உசுரோட இருந்தாரா, நான் பூ வெக்கறப்போ?"

முகேஷ் விலைப்பட்டியலை விட்டு அம்மா பக்கத்தில் வந்து குந்தினான்.

"சொல்லும்மா" என்றான் முகேஷ். "இன்னா ஞாபகம் வருது?"

"ஒத்தரு குந்தியிருந்தாரு டா. டீக்கட பெஞ்சுல. பூ வெக்க ஆரம்பிச்சு ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ. காக்கிச் சட்டை. காலைலேருந்து குந்தியிருந்தாரு, எந்த பஸ்சும் ஏறல. அப்புறம் எங்கிட்ட வந்து, இது எந்த ஊரும்மான்னு கேட்டாரு. ஆனேக்கல்லுன்னேன். இதே ஜாடை. செத்தவரோட தம்பி, காரியத்துக்கு வந்திருக்காரு போலன்னு நெனச்சேன். பாருங்கண்ணா, உங்க அண்ணனுக்குத் தெனம் பூ வெக்கறேன்னு கம்பத்தக் காட்டினேன்."

"காட்டினீங்களா?"

"காட்டினேன் தாயி. பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. செருப்பக் கழட்டிட்டு, ரெண்டு கையும் கூப்பிக் கும்புட்டாரு. கும்புட்டுட்டு ஒசூர் பஸ்ல ஏறிட்டாரு."

சங்கமித்ராவுக்கு மௌஸைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. "அது அவுரே இருக்கலாம்னு உங்களுக்குத் தோணலியா அத்தே?"

"தோணுச்சு. ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா இந்த மனுஷனுக்கு மூக்குலயும் கன்னத்துலயும் கறுப்பு கறுப்பா, பொறி தெறிச்ச மாதிரி தழும்பு. படத்துல இருக்கறவருக்கு மூஞ்சி சுத்தமா இருந்துச்சே. அதனால வேற ஆளுன்னு வுட்டுட்டேன்."

*

அந்தப் பழைய ஃபைல் இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. கிளிஃபர்ட் எதையும் அழிக்கவிடமாட்டார். வருஷாப்திக்கு அதே படம் கேட்டு வருவார்கள் என்பது அவர் அனுபவம். சங்கமித்ரா திறந்தாள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. வேலை கற்றுக்கொண்ட புதுசு, அப்பா போன நாலாம் நாள் செய்தது. கூட்டாளி கில்பர்ட்டின் மகள் கல்யாணத்தில் தண்ணீர் ஜக்கோடு நின்ற அப்பாவின் தலையை வெட்டி எடுத்திருந்தாள். உடைசலாக இருந்தது. அப்பா படம் அசிங்கமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அவர்மேல் இறக்கினாள்.

திரையின் வலது பக்கம் லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண். அவள் மேலிருந்து ஒவ்வொரு கண்ணாக அணைத்தாள். முதலில் ஓரத்து மங்கல் போனது. அப்புறம் முட்டை வளையம். அப்புறம் துணி, அவருடைய சொந்தச் சட்டை. கடைசியாக, தோலை வழவழப்பாக்கிய லேயர். அதை அணைத்ததும் வெங்கடசாமி கட்டம் கட்டமாக, வியர்வையோடு, மூக்கில் ஐந்தும் கன்னத்தில் ஒன்பதுமாகப் பொறித் தழும்புகளோடு வெளியே வந்தார். கண்ணாடி போடாமல் வெல்டிங் பண்ணுகிறார் என்று அம்மா திட்டித் திட்டி ஓய்ந்த தழும்புகள்.

நஞ்சம்மா அந்த முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்ல" என்றான் முகேஷ் சங்கமித்ராவிடம். "அன்னிக்கி ரெண்டாவது கட்டு நோட்டீஸ் என் கடைலதானே எடுத்தே. மூஞ்சி கறுப்பா வருதுன்னு நான் வேற லைட்டா வெச்சுக் குடுத்தேன். நல்லாருக்கான்னு கேட்டேன். நல்லாருக்குன்னே."

அவர்கள் பழகியதே அப்படித்தான். நல்லா வந்திருக்கிறது என்று இரண்டு பேரும் அன்று ஒரே படத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

*

சாயங்காலம் ஆலங்கட்டியோடு மழை. மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஸ்கூட்டர்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். சங்கமித்ரா நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். சந்திரம்மா ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, மகள் சொல்வதை நின்றபடியே கேட்டாள். தகர ஷீட்டில் மழை இடித்த சத்தத்தில் சிலவற்றை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நான்தாம்மா தழும்ப அழிச்சேன்" என்பதை மூன்று தடவை.

சொல்லி முடித்ததும் சந்திரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் காட்டினியே அன்னிக்கி" என்றாள். "நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி. நான் இன்னா சொன்னேன்?"

சங்கமித்ரா அண்டாவைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினாள்.

"சொல்லு, இன்னா சொன்னேன்?"

"அப்பா மாப்பிள்ள மாதிரி இருக்காருன்னே."

"ஆமா. இப்பிடி ஒரு மூஞ்சியோட என்னியக் கட்டியிருந்தா நான் அவர எதுக்குத் திட்டப்போறேன்னேன்." அண்டாவில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. "கும்புட்டாராமா?"

"ம்."

"எப்பிடி? ஒரு கையிலயா?"

"ரெண்டு கையும் கூப்பின்னு சொன்னாங்க."

"அவுரு என்னிக்கும் ஒரு கையிலதான் கும்புடுவாரு. இன்னொரு கையில வெல்டிங் ராடு பை இருக்கும். பந்தே வந்தாக்கூட ஒரு கைதான்." சந்திரம்மா அதை யோசித்தாள். "அப்ப பைய எங்கியோ வெச்சிட்டு மறந்திருக்காரு. ராடு நனஞ்சா வீணாப்பூடும்."

மழை குறைந்தது. அடுத்த வீட்டில் யாரோ டிவியைக் கூட்டினார்கள்.

"யாரோ செத்துட்டாங்கன்னு மனுஷன் செருப்பக் கழட்டிக் கும்புட்டிருக்காரு பாரு" என்றாள் சந்திரம்மா. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தலை ஈரத்தை அம்மா தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட அழுத்தியே துவட்டினாள்; சங்கமித்ராவுக்கு வலித்தது; நகரவில்லை.

"கீழ போடு" என்றாள் சந்திரம்மா, துவட்டிக்கொண்டே. "என் பக்கத்துல. அந்தத் துணியக் கிணிய எல்லாம் எடுத்துட்டுப் போடு. பொறிக்காயம் ஒண்ணு வுடாம தெரியணும். எண்ணிப் பாப்பேன்."

*

சனிக்கிழமை இரண்டு பேனர் கட்டினார்கள். ஒன்று ஜோகுபாளையத்தில் விஹார ஹால் வாசலில். இன்னொன்று ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில், நஞ்சம்மாவின் பூக்கடைக்கு மேலே. இரண்டிலும் மணமக்களைவிட வெங்கடசாமி ஒரு பிடி பெரிசாக இருந்தார். ஒரு பூச்சும் இல்லை. மூக்கு உடைசல் உடைசலாக, தழும்பு பதினாலும் தெரிய, கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றார். கைகூப்பிய வேறு உடம்பில் அவர் தலையை ஒட்ட சங்கமித்ராவுக்கு மனம் வரவில்லை. கீழே 'வெங்கடசாமி, பெண்ணின் அப்பா' என்றும், அதன் கீழே ஒரு போன் நம்பரும். கட்ட வந்தவன் மேலேயிருந்து கத்திக் கேட்டான்: "அக்கா, ஒருத்தரு மட்டும் மிஸ்பிரிண்டு ஆகியிருக்காரு, பரவால்லியா?" பரவாயில்லை என்றாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஊட்டிக்குப் போவதாக இருந்தது. முகேஷ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஒசூர் என்றான். வெள்ளைத்தாள், நடுவில் தழும்போடு முகம், வேறு எதுவும் இல்லை. ஐந்நூறு காப்பி அவன் கடையிலேயே எடுத்துவைத்திருந்தான். தேனிலவுக்கு ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஜோடி என்று கிளிஃபர்ட் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பந்தே பஞ்சசீலம் சொல்லிவைத்தார். வெள்ளைப் புடவையில் சங்கமித்ராவும் வெள்ளைச் சட்டையில் முகேஷும் திருப்பிச் சொன்னார்கள். மாலை மாற்றினார்கள். பதினொன்றரைக்குப் பந்தி. பிரியாணி வாசம் ஹாலைச் சுற்றிவந்தது.

அப்பாவின் பழைய கூட்டாளி கில்பர்ட் லேட்டாக வந்தார். ஒரு முழங்கால் போனபிறகு வெல்டிங்கை விட்டுவிட்டு, மகள் வீட்டில் கே.ஜி.எஃப். பக்கம் இருக்கிறார், ஐந்து வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. வாசலில் பேனரைப் பார்த்து நின்றார். கீழ் வரிசையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு கையிலிருந்த மொய்க் கவரை எழுதுகிற இடத்தில் கூடக் கொடுக்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பந்தி வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் போனார். கடைசியில் சந்திரம்மாவிடம் வந்தார்.

"எங்கம்மா அவன்? எப்ப வந்தான்? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா தங்கச்சி?"

அவர் முதல் ஆள் இல்லை. அதற்குள் பத்துப் பேர் தேடியாகிவிட்டது. பழைய வீட்டுக்காரர், ரேஷன் கடைக்காரர், ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிற அத்தனை பேரும் பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வெங்கடசாமி எங்கே, வெங்கடசாமி எங்கே என்று ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பாத்ரூம் கதவைத் தட்டினார். மேடையிலிருந்து சங்கமித்ரா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோகாரர் இரண்டு தடவை "இங்க பாருங்க மேடம்" என்றார்.

ஒவ்வொருத்தருக்கும் சந்திரம்மா உட்காரவைத்துச் சொன்னாள். ஒசூர் பஸ் வரைக்கும் சொன்னாள். கேட்டவர்கள் போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். ஒசூரில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார்கள், சூளகிரியில் மச்சான் இருக்கிறான் என்றார்கள்.

கில்பர்ட்டுக்கும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் மூச்சிரைத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலைப் பிடித்தபடி, இன்னும் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று சந்திரம்மா சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

"கை கழுவற எடத்துல பாத்தியாண்ணா?"

"அங்க பாக்கலியே."

"பாத்துட்டு வா."

கில்பர்ட் நொண்டிக்கொண்டே போனார். பந்தியில் சந்திரம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இலை காலியாக இருந்தது. அடுத்த வரிசைக்காக அதை எடுக்க வந்தவனிடம், இருக்கட்டும், கில்பர்ட் அண்ணன் பார்த்துவிட்டு வரட்டும் என்றாள்.